மான்ஸ்ஃபீல்ட் ஜான்சனுக்கு எழுதிய கடிதங்கள்: தனியே சொன்னது போதுமா?

காகிதப்பூச்சி
சனி, காலை 7.15

மூன்று வாரமாக எனக்கு வேறு வேலை ஓடவில்லை. மொன்டானா மாநில செனட்டர் மைக் மான்ஸ்ஃபீல்ட், அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு வியட்நாம் பற்றி எழுதிய குறிப்புகளை வரிசையாக வாசித்து வருகிறேன். 1963 டிசம்பரில் தொடங்கி 1965 ஜூலை வரை உள்ளவற்றைத்தான் இப்போது பார்க்கிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பழைய ஆவணங்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டிருக்கிறது. சிலவற்றைத் தமிழாக்கவும் ஆசை.

ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பதினான்கு வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிக் கடற்படையில் சேர்ந்தவர். பிறகு தரைப்படை, அதன் பிறகு மரைன் படை. பியூட் நகரத்துத் தாமிரச் சுரங்கத்தில் உடலுழைப்பு. பள்ளிப் படிப்பையே பாதியில் விட்ட அவரைப் பிடித்துப் படிக்க வைத்தவர் ஆசிரியையான மனைவி மோரீன். படித்து முடித்து மிசூலாவில் உள்ள பல்கலைக்கழகத்தில் தூரக் கிழக்கு நாடுகளின் வரலாறு கற்பித்தார். 1961 முதல் 1977 வரை செனட்டின் பெரும்பான்மைத் தலைவர், அதாவது அங்கே பெரும்பான்மைக் கட்சியை வழிநடத்துபவர். அந்தப் பதவியில் பதினாறு ஆண்டு இருந்தவர் இவர் ஒருவரே. அதற்கு முன் ஜான்சன் அதே நாற்காலியில் இருந்தபோது அவருக்குக் கீழே கொறடா. ஆகவே முன்பின் தெரியாதவர் எழுதிய கடிதங்கள் அல்ல இவை.

எனக்கு உறுத்துவது இதுதான். கடிதங்களில் இவர் சொன்னவை ஏறத்தாழ எல்லாமே பலித்தன. ஆனால் 1964 ஆகஸ்ட் 7 அன்று டோங்கின் வளைகுடாத் தீர்மானம் செனட்டுக்கு வந்தது. போரை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோக அதிபருக்கு உரிமை தந்த தீர்மானம். 88 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. அந்த 88 பேரில் மான்ஸ்ஃபீல்டும் ஒருவர். உறைக்குள் ஒருவர், அவைக்குள் வேறொருவர். இவரை எப்படி மதிப்பிடுவது?

கீழைக்காற்று
சனி, காலை 8.02

மதிப்பிடுவதில் என்ன சிரமம்? கடிதம் எழுதுவது மனச்சாட்சிக்குச் செலுத்தும் கப்பம். அதைக் கட்டிவிட்டு அவையில் அரசனுக்குச் சாமரம் வீசலாம்.

எதிர்த்து வாக்களித்த இருவரையும் பெயர் சொல்லியிருக்க வேண்டும் நீங்கள். ஓரிகனின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங். எழுந்து நின்று, ஊரறியச் சொன்னார்கள். 1968இல் இருவரும் பதவியிழந்தார்கள். குரூனிங்கை உட்கட்சித் தேர்தலிலேயே தோற்கடித்தார்கள். விலை கொடுத்தவர்களை விட்டுவிட்டு, விலை கொடுக்காதவரின் கடிதங்களுக்கு மூன்று வாரமா?

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். தென் வியட்நாமை ஆண்ட தியெமைத் தூக்கி நிறுத்திய கைகளில் ஒன்று இவருடையது. 1953இல் வாஷிங்டனில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் கொடுத்த விருந்தில் தியெமைச் சந்தித்தவர்களில் இவரும் கென்னடியும் உண்டு. மறு ஆண்டே செனட்டுக்கு அறிக்கை கொடுத்தார்: தியெம் விழுந்தால் வியட்நாமுக்கு உதவியை நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்று. தியெம் ஆதரவாளர்களுக்கு அது பெரிய ஆயுதமாயிற்று. நட்டவரே பத்து வருடம் கழித்து மரம் சாய்கிறதே என்று கடிதம் எழுதுகிறார்.

காகிதப்பூச்சி
சனி, காலை 9.30

தியெம் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் விட்டிருக்கக் கூடாது. ஆனால் தான் நட்டதைப் போய்ப் பார்த்து, பழுது என்று கண்டதும் அதை எழுத்தில் ஒப்புக்கொண்டவர்கள் அன்றைய வாஷிங்டனில் எத்தனை பேர்?

1962 இறுதியில், அப்போது அதிபராக இருந்த கென்னடி கேட்டுக்கொண்டதால் மான்ஸ்ஃபீல்ட் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் போனார். அங்கிருந்த அமெரிக்க நிருபர்களோடு நெடுநேரம் உட்கார்ந்து பேசினார். தூதரகம் எழுதிக் கொடுத்த வழியனுப்பு அறிக்கையை விமான நிலையத்தில் வாசிக்க மறுத்தார். திரும்பி வந்து டிசம்பர் 18 தேதியிட்டுக் கென்னடிக்குத் தனி அறிக்கை கொடுத்தார். ஏழு ஆண்டுகளும் பல நூறு கோடி டாலரும் போன பிறகு, தொடங்கிய இடத்திலேயே நிற்கிறோம் என்பது அதன் சாரம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, ஃபுளோரிடாவின் பாம் பீச்சில் ஒரு படகில் வைத்துக் கென்னடி அதைப் பற்றிப் பேசினார். படிக்கப் படிக்க முகம் சிவந்ததாம். மைக் இப்படி முழுதாக மறுக்கிறாரே என்று அவர் மீது கோபம் வந்தது, அவர் சொல்வது சரியென்று எனக்கே தோன்றியதால் என் மீதும் கோபம் வந்தது என்று பிறகு உதவியாளர் கென்னத் ஓ'டானலிடம் சொன்னார் என்பது ஓ'டானலின் நினைவு.

அதாவது, தனியே சொன்னால் ஓர் அதிபரின் முகம் சிவக்கும் அளவுக்காவது உள்ளே போகும் என்று மான்ஸ்ஃபீல்ட் கண்ணால் கண்டிருக்கிறார். ஜான்சனிடமும் அதே வழியில் போனார்.

ஓய்வூதியன்
சனி, காலை 11.10

முப்பத்தொரு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்தியவன் நான். நீங்கள் எல்லாரும் கடிதத்தில் என்ன இருந்தது என்று பார்க்கிறீர்கள். அது எந்த மேசைக்குப் போனது என்பதுதான் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது.

நேற்றிரவு அந்தத் தொகுதியில் 1964 ஜனவரி ஆவணங்களைப் பார்த்தேன். கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய் வியட்நாம் இன்னொரு சீனாவாகிவிடக் கூடாது என்று ஜான்சன் சொல்லியிருக்கிறார். கொரியப் போர் போல இன்னொரு கொரியாவும் நமக்கு வேண்டாம் என்று ஜனவரி 6 அன்று மான்ஸ்ஃபீல்ட் எழுதுகிறார். வியட்நாமை எந்த அணியிலும் சேராத நாடாக்கலாம் என்று பிரான்ஸ் அதிபர் தெ கோல் முன்வைத்த நடுநிலை யோசனையைத் தள்ளிவிட வேண்டாம், பேச்சுவார்த்தைக்கு வழி பாருங்கள் என்கிறார். அருமையான குறிப்பு.

ஜான்சன் என்ன செய்தார்? மூன்று பேரிடம் கருத்துரை கேட்டார். வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா, பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி. மூவரும் யார்? மான்ஸ்ஃபீல்ட் எந்தக் கொள்கையைக் குறை சொன்னாரோ, அதை நடத்திக்கொண்டிருந்தவர்கள். ஜனவரி 9 அன்று மூன்று மறுப்புகளையும் சேர்த்துக் கட்டிப் பண்டி மேசையில் வைத்துவிட்டார். மூன்றே நாள். இவ்வளவு சுறுசுறுப்பாக நகரும் கோப்பை நான் என் காலத்தில் பார்த்ததில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பட்டா மாறுதலுக்குக் காசு கேட்கிறார்கள் என்று ஒரு பெரியவர் மேலிடத்துக்கு மனுப் போட்டார். மனு படிப்படியாக இறங்கி, யார் மீது புகாரோ அவருடைய மேசைக்கே 'உரிய நடவடிக்கைக்கு' என்று வந்து சேர்ந்தது. அவரே பதிலும் எழுதினார்: மனுதாரர் கூற்றில் உண்மை இல்லை. தட்டச்சு செய்தவன் நான். பெரியவர் அந்தப் பதிலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

செனட்டின் தலைவருக்கும் அதே கதிதான் என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, ஏதோ போலவும் இருந்தது.

சுண்டக்காய்
சனி, காலை 11.22

வெள்ளை மாளிகையிலும் 'உரிய நடவடிக்கைக்கு' முத்திரை உண்டு என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மதுரை டீச்சர்
சனி, பகல் 1.40

கீழைக்காற்று அவர்களே, கப்பம், சாமரம் எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நாட்காட்டியைக் கொஞ்சம் பாருங்கள்.

1964 ஜூன் 10 அன்று, இனப் பாகுபாட்டை ஒழிக்க வந்த குடிமை உரிமைச் சட்டத்தை வாக்கெடுப்புக்கு விடாமல் பேசிக்கொண்டே இருந்தவர்களின் தொடர்பேச்சுத் தடையை 71க்கு 29 என்று முறித்தவர் இதே மான்ஸ்ஃபீல்ட். அடுத்த ஆண்டு முதியோர் மருத்துவக் காப்பீடு, கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் இரண்டும் வரிசையில் நிற்கின்றன. காப்பீட்டுச் சட்டம் 1965 ஜூலை 30 அன்றும், வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்ட் 6 அன்றும் கையெழுத்தாயின. மான்ஸ்ஃபீல்டின் மிகக் கடுமையான கடிதத்தின் தேதி ஜூலை 27. மூன்று நாள், பத்து நாள் இடைவெளி! அந்த நேரத்தில் பெரும்பான்மைத் தலைவரும் அதிபரும் வீதியில் நின்று சண்டை போட்டிருந்தால் அந்தச் சட்டங்கள் என்னவாகியிருக்கும்? மோர்ஸுக்கும் குரூனிங்குக்கும் அந்தச் சுமை இல்லை. தங்கள் ஒற்றை வாக்குக்கு மட்டும் அவர்கள் பொறுப்பு.

இன்னொரு செய்தி. அவர் முகத்துக்கு நேரே சொல்லாதவரும் அல்லர். 1965 பிப்ரவரியில் தென் வியட்நாமின் பிளேக்குவில் அமெரிக்க முகாம் மீது தாக்குதல் நடந்த இரவு, வடக்கு வியட்நாம் மீது குண்டு போடலாம் என்று அறை முழுக்கத் தலையசைக்கிறது. எதிர்த்துப் பேசியவர் மான்ஸ்ஃபீல்ட் ஒருவரே. சீனா உள்ளே வந்துவிடும் என்று எச்சரித்தார். அதிபர் முன்னால், அத்தனை ஆலோசகர்கள் முன்னால். அதைக் கோழைத்தனம் என்று என் மாணவர்களிடம் நான் சொல்ல மாட்டேன்.

கீழைக்காற்று
சனி, பகல் 2.25

டீச்சர், நாட்காட்டி என்னிடமும் இருக்கிறது. வாக்குரிமைச் சட்டம் செனட்டில் மே 26 அன்றே 77க்கு 19 என்று தேறிவிட்டது. காப்பீட்டுச் சட்டம் ஜூலை 9 அன்று 68க்கு 21. ஜூலை 27 அன்று இரண்டும் கரை சேர்ந்த படகுகள். கயிறு கட்டுவதுதான் பாக்கி. சட்டங்களுக்காக வாயைக் கட்டிக்கொண்டார் என்பது 1964க்குப் பொருந்தலாம். 1965 ஜூலைக்குப் பொருந்தாது.

பிளேக்கு இரவைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். அந்த அறையில் அப்படிப் பேச நெஞ்சுரம் வேண்டும். ஆனால் கதவு சாத்தியிருந்தது, டீச்சர். வெளியே இருந்த இருபது வயதுப் பையன்களுக்கு அது கேட்கவில்லை. மார்ச் 8 அன்று மரைன் படையினர் 3,500 பேர் தா நாங் கடற்கரையில் இறங்கினார்கள். செனட் தலைவருக்கே இதில் நம்பிக்கை இல்லை என்று அவர்களில் ஒருவனுக்குத் தெரிந்திருக்குமா?

நெறியாளர்
சனி, பகல் 2.50

நம்மூர்க் கட்சித் தலைவர்களோடு ஒப்பிட்ட இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். அதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வாஷிங்டனை விட்டு வெளியே வர வேண்டாம்.

மதுரை டீச்சர்
சனி, மாலை 4.05

ஜூலை விஷயத்தில் என் வாதம் பலவீனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொருவர் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதே 1965 பிப்ரவரியில் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் ஜான்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இப்போதுதான் பெரும் வெற்றி பெற்றிருக்கிறோம், இந்தப் போரிலிருந்து விலகுவதால் வரும் அரசியல் இழப்பைத் தாங்க இதைவிட நல்ல ஆண்டு கிடைக்காது என்று சொன்ன குறிப்பு. படித்தால் மெய்சிலிர்க்கும். விளைவு? வியட்நாம் பற்றிய ஆலோசனைகளிலிருந்து துணை அதிபரையே ஒதுக்கி வைத்தார் ஜான்சன். மறுபடி உள்ளே வர, ஹம்ஃப்ரி அந்தப் போரை மேடை மேடையாகப் புகழ வேண்டியிருந்தது. 1968 தேர்தலில் அதுவே அவர் கழுத்தைப் பிடித்தது.

மான்ஸ்ஃபீல்டை அப்படி ஒதுக்க முடியவில்லை. அவர் நாற்காலி அதிபர் தந்ததல்ல. மொன்டானா மக்களும் சக செனட்டர்களும் தந்தது. ஆகவே கடைசி வரை எழுத முடிந்தது. எழுதிப் பயன் உண்டா என்பது வேறு கேள்வி.

ஓய்வூதியன்
சனி, மாலை 5.20

டீச்சர் சொன்னதிலேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நாற்காலி அதிபர் தந்ததல்ல என்றால், அதிபரைக் கேட்டா வாய் திறக்க வேண்டும்?

என் அனுபவத்தில், மேலிடத்துக்கு எதிராகக் குறிப்பு எழுதுகிறவர்கள் இரண்டு வகை. முடிவை மாற்ற எழுதுகிறவர் ஒருவர். 'நான் அப்போதே சொன்னேன்' என்று பின்னால் காட்ட, பதிவுக்காக எழுதுகிறவர் இன்னொருவர். இரண்டாவது வகையை மை காய்வதற்குள் கண்டுபிடித்துவிடலாம்: நகல் போகும் இடங்களின் பட்டியல் கடிதத்தைவிட நீளமாக இருக்கும். மான்ஸ்ஃபீல்டின் கடிதங்களில் அந்த வாடை இல்லை. வியட்நாம் பற்றி 1954இல் கூடிய ஜெனீவா மாநாட்டை மறுபடி கூட்டலாம், கம்போடியா பற்றிய மாநாட்டை வைத்துப் பேச்சைத் தொடங்கலாம் என்று ஒவ்வொரு முறையும் இறங்குவதற்கு ஒரு படியைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். முடிவை மாற்றவே எழுதினார் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆனால் மூடிய உறையில் ஒரு தொல்லை உண்டு. அதை யார் படிக்க வேண்டும், யார் பதில் எழுத வேண்டும், எப்போது அலமாரியில் பூட்ட வேண்டும் என்பதெல்லாம் பெறுகிறவர் கையில். மான்ஸ்ஃபீல்ட் நன்றாக எழுதினார். தபாலோடு சேர்த்து விவாதத்தையும் ஜான்சன் கையில் கொடுத்துவிட்டார்.

காகிதப்பூச்சி
சனி, இரவு 8.45

ஓய்வூதியன் ஐயா சொன்ன கோணத்தோடு 1965 ஜூலை 27ஐ மறுபடி வாசித்தேன். இந்த முறை வேறு மாதிரி தெரிந்தது.

அந்த ஒரு நாளில் இரண்டு நிகழ்ச்சிகள். மான்ஸ்ஃபீல்ட் தன் அறையில் ஐந்து செனட்டர்களைக் கூட்டிப் பேசுகிறார்: ரிச்சர்ட் ரசல், வில்லியம் ஃபுல்பிரைட், ஜான் ஸ்பார்க்மன், ஜார்ஜ் எய்க்கன், ஜான் ஷெர்மன் கூப்பர். கடைசி இருவரும் எதிர்க்கட்சி. ரசல் படைத்துறைக் குழுவின் தலைவர், ஃபுல்பிரைட் வெளியுறவுக் குழுவின் தலைவர். இருக்கக் கூடாத இடத்தில் ஆழமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறோம், நிலைமை கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது என்பதில் ஆறு பேருக்கும் ஒரே கருத்து. அதை எழுதி ஜான்சனுக்கு அனுப்புகிறார். வெள்ளை மாளிகையில் நாடாளுமன்றத் தலைவர்களோடு நடந்த கூட்டத்தில், தயாராகக் கொண்டுபோன மறுப்புரையையும் வாசிக்கிறார். போரை ஒரு படி விரித்தால் அதுவே அடுத்த படிக்கு இழுக்கும் என்கிறார். அதே உரையில், தலைவர் என்ற முறையில் அதிபருக்குத் துணை நிற்பேன் என்றும் சொல்லிவிடுகிறார். ஜான்சனுக்கு அந்த ஒரு வரி போதும்.

மறுநாள் பகலில் ஜான்சன் அறிவித்தார்: வியட்நாமில் படை 75,000இலிருந்து 1,25,000 ஆகும். ஆறு செனட்டர்களின் கடிதத்துக்குப் பதில் தயாரித்தவர் யார் தெரியுமா? மெக்னமாரா.

கீழைக்காற்றுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இப்படி இரண்டு கட்சிகளையும், இரண்டு முக்கியக் குழுத் தலைவர்களையும் ஒரே தாளில் கொண்டுவர மோர்ஸால் முடிந்திருக்காது. மான்ஸ்ஃபீல்டால் முடிந்தது. கொண்டுவந்துவிட்டு அந்தத் தாளை உறையில் போட்டு ஒட்டினாரே, அங்கேதான் எனக்கும் மனம் ஆறவில்லை. அந்த ஆறு பேரும் அன்று மாலை வெளியே வந்து நிருபர்கள் முன்னால் நின்றிருந்தால்?

கீழைக்காற்று
சனி, இரவு 9.10

நான் காலையில் சொன்னதைத்தான் இரவில் நீங்கள் சொல்கிறீர்கள். என்னைவிட நாகரிகமாக.

காகிதப்பூச்சி
சனி, இரவு 9.18

இருக்கலாம். ஆனால் அவர் கடைசி வரை உறைக்குள்ளேயே இருந்துவிடவில்லை. அந்த ஆண்டு இறுதியில் எய்க்கன் உள்ளிட்ட நான்கு செனட்டர்களோடு மறுபடி வியட்நாம் போனார். 1966 ஜனவரியில் வெளிவந்த அவர்கள் அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இந்தப் போருக்கு எல்லையே தெரியவில்லை என்று அதில் சொன்னார்கள். அடுத்த மாதம் ஃபுல்பிரைட்டின் விசாரணைகள் தொலைக்காட்சியில் வந்தன. தாமதம்தான். அதற்குள் அங்கே 1,80,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினர்.

1968 மார்ச் 27 அன்று ஜான்சன் அவரை அழைத்து நெடுநேரம் பேசினார். வியட்நாம் பற்றிய தன் உரையின் வரைவை வாசித்துக் காட்டினார். மான்ஸ்ஃபீல்ட் அதையும் ஏற்கவில்லை. நான்கு நாள் கழித்து வந்த உரையில் வரைவு வெகுவாக மாறியிருந்தது. மறுபடி போட்டியிடமாட்டேன் என்று ஜான்சன் சொன்னதும் அதே உரையில்தான். மாற்றத்துக்கு மான்ஸ்ஃபீல்ட் காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த வாரத்தில் பல கைகள் அதில் பட்டன.

போகட்டும். மொழிபெயர்ப்பில் ஓர் உதவி வேண்டும். 1964 டிசம்பர் 9 கடிதத்தில் ஓர் உருவகம் வருகிறது. வியட்நாமில் நாம் போகும் வழி, பாரத்தால் தாழ்ந்துகொண்டிருக்கும் ஒரு மரக்கிளையில் மேலும் மேலும் நுனியை நோக்கி நகர்வது போன்றது என்கிறார். அந்தக் கிளைக்கு எந்தச் சொல்லைப் போடலாம்? 'நுனிக்கொம்பு' என்று எழுதிப் பார்த்தேன். நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த உவமை. ஆனால் மொன்டானாக்காரர் திடீரென்று தமிழ்ப் புலவராகிவிட்டது போல இருக்கிறது.

சுண்டக்காய்
சனி, இரவு 9.26

முருங்கைக் கிளை. வேறு யோசனையே வேண்டாம். எங்கள் வீட்டில் காய் பறிக்க ஏறிய சித்தப்பாவுக்கு இன்னும் இடது கை முழுதாக மடங்காது.

மதுரை டீச்சர்
சனி, இரவு 9.40

நுனிக்கொம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அதில் ஆபத்து நுனியில் மட்டும் இருக்கிறது. இவர் சொல்வதில் கிளை இப்போதே தாழ்கிறது.

ஓய்வூதியன்
சனி, இரவு 10.15

முருங்கை வேண்டாம் தம்பி. முருங்கை சொல்லாமல் முறியும். ஏறியவன் மேல் பழி சொல்ல முடியாது. மான்ஸ்ஃபீல்ட் சொல்லும் கிளை தாழ்ந்து தாழ்ந்து வருகிறது. மேலே இருப்பவனுக்கு அது காலடியில் தெரியும்.

ஜான்சனுக்கும் தெரிந்திருந்தது. 1964 மே 27 அன்று அவர் ரசலோடு பேசிய தொலைபேசி உரையாடலை அவரே பதிவு செய்து வைத்திருக்கிறார். இதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று தெரியவில்லை என்று இருவரும் மாறி மாறிப் புலம்புகிறார்கள். டோங்கின் தீர்மானத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால். பிறகு இந்தக் கடிதங்களில் அவருக்குத் தெரியாத எதை மான்ஸ்ஃபீல்ட் சொல்லிவிட்டார்?

காகிதப்பூச்சி
சனி, இரவு 10.31

'தாழ்ந்துகொண்டே வரும் கிளை' என்று வைத்துவிட்டேன். அந்த உரையாடலை நான் இன்னும் கேட்கவில்லை. இன்றிரவு கேட்கிறேன். 1965 மார்ச் கடிதங்களின் தமிழாக்கத்தை நாளை மாலை இங்கே இடுகிறேன், ஐயா ஒரு முறை பார்த்துக் கொடுக்க வேண்டும்.